அப்டேட் மேல பழி போடறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க

இன்னைக்கு எபிசோடை ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம். அனுப்பினவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கிறவர். லீவு நாள்ல, தான் படிச்ச ஸ்கூலோட கம்ப்யூட்டர் லேபைக் கவனிச்சுக்கிறார். ஒரு கம்பெனி கொடுத்த பழைய மெஷின்கள், மொத்தம் 20. கோடை விடுமுறை முடிஞ்சு லேபைத் திறந்தா, 14 மெஷின்ல எந்த வெப்சைட்டும் வரல. "இணைப்பு பாதுகாப்பானது இல்லை"ன்னு ஒரே எச்சரிக்கை. பசங்க ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட ரெண்டே நாள்தான் பாக்கி.

"செக்யூரிட்டி அப்டேட் சொதப்பிடுச்சுண்ணா. பிரவுசரை அழிச்சுட்டு மறுபடியும் போடவா?"

கை வைக்காதீங்க, முதல்ல ஓரத்துல தேதி என்ன காட்டுதுன்னு பாருங்கன்னேன். பார்த்தார். 14 மெஷினும் 2010-ல நின்னுட்டு இருந்துச்சு! மதர்போர்டுல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதப்போ கடிகாரத்தை ஓட்டறது அதுதான். ஒரே நாள்ல வாங்கின மெஷின்கள், லீவு முழுக்க பிளக் பிடுங்கிக் கிடந்துச்சு. பேட்டரியும் ஒண்ணாவே செத்துப்போச்சு.

சரி, தேதிக்கும் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம்? கும்மிடிப்பூண்டி லோக்கல்ல சீசன் டிக்கெட்ல போறவங்களுக்கு இது சுலபமா புரியும். டிக்கெட் செக்கர் ரெண்டு விஷயம் பார்ப்பார்: டிக்கெட் அசலா, தேதிக்குள்ள இருக்கா. வெப்சைட்டோட சான்றிதழையும் பிரவுசர் அப்படித்தான் பார்க்குது. செக்கர் கையில இருக்கிற காலண்டரே தப்புன்னா, சரியான டிக்கெட்டும் செல்லாது. நம்ம நண்பருக்கு நடந்தது இதுதான்.

இதுக்கு நேர் எதிரா, காலண்டர் சரி, டிக்கெட் காலாவதின்னா? அதுவும் நடந்திருக்கு. 2019 மே 4, நம்ம ஊர்ல சனிக்கிழமை காலை. உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ்ல ஆட்-ஆன்கள் அணைய ஆரம்பிச்சுது. ஆட்-ஆன்களுக்குக் கையெழுத்துப் போட மோசில்லா பயன்படுத்தின ஒரு இடைநிலைச் சான்றிதழ் காலாவதியாகிடுச்சு, யாரும் புதுப்பிக்கல. பாதுகாப்புக்காக வெச்ச சோதனையே விளம்பரத் தடுப்பான், பாஸ்வேர்ட் மேனேஜர் எல்லாத்தையும் வெளிய தள்ளிடுச்சு. டோர் பிரவுசர்ல ஸ்கிரிப்டைத் தடுக்கிற நோஸ்கிரிப்டும் போச்சு. பசங்களுக்கான ஃபில்டரை ஆட்-ஆனா போட்டிருக்கிற ஒரு லேபை நினைச்சுப் பாருங்க.

இன்னொரு குழப்பம்: சோதனை 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான், அதுவும் ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் வேற வேற நேரத்துல. அதனால பக்கத்து மெஷின் நல்லாவே ஓடும், நம்மளுது மட்டும் கெட்டுப்போன மாதிரி தெரியும். மோசில்லா அவசரத் திருத்தம் அனுப்பிச்சு, மறுநாளே 66.0.4 பதிப்பை வெளியிட்டுச்சு. ஆட்-ஆனை அழிச்சுட்டு மறுபடி போடாதீங்கன்னும் சொன்னாங்க. ஏன்னா சில ஆட்-ஆன்களை அழிச்சா, உள்ள சேமிச்ச தகவலும் சேர்ந்து போயிடும்.

இதே கதை இன்னொரு வடிவத்துல 2025 மார்ச் 14-லயும் வந்துச்சு. இந்த முறை வேர்ச் சான்றிதழ். ஃபயர்ஃபாக்ஸ் 128, இல்ல நீண்டகால ஆதரவுப் பதிப்பு 115.13, இதுக்கு முந்தின எதுவா இருந்தாலும் அப்டேட் பண்ணியே ஆகணும்னு ஆச்சு. விண்டோஸ் 7 மெஷின்ல குரோம் 109-ஓட நின்னுடும். பழைய லேபுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்.

அதனால லேப் பார்த்துக்கிறவங்களே, வரிசை இதுதான். பல மெஷின் ஒண்ணா படுத்தா, அதுங்களுக்குள்ள பொதுவா என்ன இருக்குன்னு தேடுங்க. அதே சைட்டை உங்க போன்ல திறந்து பாருங்க. அப்புறம் தேதி, அதுக்கப்புறம் பிரவுசர் பதிப்பு. திருத்தத்தை ஒரே ஒரு மெஷின்ல போட்டு, ஒரு நாள் ஓடவிட்டுட்டு மத்ததுக்குப் போங்க. டீப் ஃப்ரீஸ் மாதிரி ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி ஆக்குற மென்பொருள் இருந்தா, முதல்ல அதைத் தளர்த்துங்க. இல்லேன்னா சாயங்காலம் போட்ட அப்டேட் காலையில இருக்காது.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க: எச்சரிக்கை வருதேன்னு பாதுகாப்பையே அணைக்கறது. அவசரத்துல அணைச்சதை மறுபடி போட யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த மெஷின்ல அடுத்து உட்கார்றது ஆதார் நம்பரையும் பேங்க் கணக்கையும் டைப் பண்ணப்போற ஒரு பொண்ணு.

நம்ம நண்பர் அன்னைக்கே தேதியைக் கையால மாத்தி ஃபார்ம் எல்லாம் போட வெச்சார். அடுத்த வாரம் 14 பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டார். மீதி 6-க்கும் சேர்த்தே வாங்கிடுங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.