ஒரு எட்டு போயிட்டு வாங்க

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பேச்சு பழக்கமில்லை. திண்ணையில பேசுற மாதிரியே பேசிடுறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கோடை விடுமுறையும் சொந்த பந்தமும். கடன், வட்டி, தொழில்னு பேச வேண்டிய மேடையில இது எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். நமக்கு ஒரு அவசரம்னா குழுவில கடன் கேட்கிறோம். சரிதான். ஆனா ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புள்ளைக்கு ஜுரம் தூக்கிப் போட்டா யாருக்கு போன் போடுறோம்? அண்ணனுக்கு, அக்காவுக்கு, கூடப் படிச்ச சிநேகிதிக்கு. அந்த நேரத்துல அவங்க ஓடி வரணும்னா, நல்ல நாள்ல நாம அந்த வாசப்படி ஏறியிருக்கணும். அதனால உறவும் ஒரு சேமிப்புதான். சந்தா கட்டாம விட்டா அதுவும் குறைஞ்சிடும்.

நான் பிறந்தது ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காடு. வாழ்க்கைப்பட்டது ஆலத்தூர் ஒன்றியம், சின்ன வெங்காயம் விளையுற ஊர். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப ரெண்டு ஊரும் திருச்சி மாவட்டம். 1995-ல பெரம்பலூர் மாவட்டம் ஆச்சு. 2001-ல அரியலூரைத் தனியா பிரிச்சாங்க, 2002-ல மறுபடி சேர்த்தாங்க, 2007 நவம்பர்ல திரும்பவும் பிரிச்சாங்க. மாவட்டம் எத்தனை தடவை பிரிஞ்சாலும் பொண்ணு கொடுக்கிறதும் எடுக்கிறதும் நிக்கல. இந்த மண்டபத்துல இருக்கிற நம்மில் பாதிப் பேருக்குப் பொறந்த வீடு ஒரு மாவட்டம், புகுந்த வீடு ஒரு மாவட்டம்.

முழுப் பரீட்சை முடிஞ்சதும் பசங்க கிளம்பிடுவாங்க. சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் ஆயா வீடு, அத்தை வீடு, சித்தி வீடுதான். இப்ப பசங்க செல்போனோட சுவர் ஓரமா சாய்ஞ்சு கிடக்கிறாங்க. மாமா பையன் பேரு தெரியும், முகம் தெரியாது. போறதுக்கு வசதி இல்லாம இல்லை. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் கிடையாது. தூரத்து பஸ்ஸுக்குத்தான் காசு. மெட்ராஸ்ல இருக்கிற சொந்தக்காரங்க ரயில்ல வந்தா அரியலூர்ல இறங்கணும், பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூர் வரைக்கும் வர்றவங்களைப் பெரம்பலூர் வரைக்கும் கூட்டிட்டு வர்றது நம்ம கையில இருக்கு.

போகும்போது வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்காகக் கடன் வாங்கி ஸ்வீட் பாக்ஸ் வாங்கணும்னு அர்த்தமில்லை. நம்ம மண்ணுல விளையுறதைக் கொண்டு போனாலே போதும். எங்க பக்கத்துல பட்டறை போட்டு வெங்காயம் சேர்த்து வைப்போம். அதுல இருந்து அஞ்சு கிலோ, கூடவே ஒரு டப்பா வடகம். வடகம் போட கத்திரி வெயில் மாதிரி நல்ல நேரம் வேற இல்லை. சின்ன வெங்காயத்தை உரிச்சு நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு, ஊறவச்ச உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சத்தூள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைஞ்சு உருட்டணும். பகல்ல காயணும், சாயங்காலம் எடுத்து வச்சு மறுநாள் மறுபடி உதிர்த்துப் பிசைஞ்சு உருட்டணும். ஈரம் சுத்தமா போற வரைக்கும் இப்படிச் செஞ்சு, விளக்கெண்ணெய் தடவி எடுத்து வச்சா ஒரு வருஷம் தாங்கும். காரக்குழம்புக்கு ஒரு துண்டு கிள்ளிப் போட்டுத் தாளிச்சா தெருவே மணக்கும்.

அங்க இருந்து வரும்போது பை காலியா வராது. எங்க அம்மா ஊர்ல அந்த நேரம் முந்திரி பழுக்கும். பழத்தை உப்புத் தொட்டுச் சாப்பிடுவோம், இல்லேன்னா தொண்டை கரகரக்கும். சாறு துணியில பட்டா கறை போகாது. பச்சை முந்திரியை ரெண்டா வகுந்து பருப்பெடுத்துக் குழம்பு வைப்பாங்க. அதோட ருசி கடையில வாங்குற காய்ஞ்ச பருப்புல வராது. ஆனா ஒண்ணு, முந்திரி ஓட்டுல இருக்கிற பால் பட்டா கை வெந்து தோல் உரியும். அந்தக் குழம்புக்குப் பின்னால ஒரு பொம்பளையோட வெந்த விரல் இருக்கு. சாப்பிடும்போது பசங்களுக்கு அதையும் சொல்லுங்க.

அதுல இருந்துதான் நான் முக்கியமா சொல்ல நினைக்கிறதுக்கு வர்றேன். விருந்தாளி வர்றது எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்காரிக்கு மட்டும் சந்தோஷமும் வேலையும் சேர்ந்து வருது. அக்னி நட்சத்திரத்துல, தகரக் கொட்டகை அடுப்படியில, பத்துப் பேருக்கு மூணு வேளை சமைக்கிறவங்க நம்ம அண்ணியோ, தங்கச்சியோ, வயசான அம்மாவோதான். கடைசியில உட்காரும்போது சட்டியில அடிக்குழம்புதான் மிஞ்சியிருக்கும். அதனால போற இடத்துல நேரா அடுப்படிக்குப் போங்க. வெங்காயம் உரிங்க, பாத்திரம் கழுவுங்க. கூட வந்த ஆம்பளைங்களையும் பையன்களையும் தண்ணி எடுக்க, கறி வாங்க, இலை எடுக்க அனுப்புங்க. சமைச்சவங்களை முதல் பந்தியில உட்கார வச்சு நீங்க பரிமாறிப் பாருங்க. அவங்க முகத்துல வர்ற வெளிச்சம் எந்தச் சீர்வரிசையிலயும் வராது. தினமும் கோழி அடிக்கணும்னு இல்லை. ஒரு நாள் கறிக்குழம்பு வச்சா மறுநாள் கம்பங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். விருந்து வச்சதால குழுவில கடன் வாங்கினாங்கன்னு எந்த அண்ணிக்கும் பேர் வரக் கூடாது.

அடுத்தது, அம்மா அப்பா காலத்துக்கு அப்புறம். அம்மா இருக்கிற வரைக்கும் பொறந்த வீடு கூப்பிடாமலே போகிற வீடு. அம்மா போன பிறகு அது அண்ணன் வீடு. எங்க பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க, பேரு வேண்டாம், விஷயத்தைச் சொல்லுன்னாங்க, அதனால சொல்றேன். அவங்க அப்பா இறந்ததும் கொல்லையைப் பையன் பேருக்கு மாத்த விடுதலைப் பத்திரம் எழுதிட்டாங்க. கையெழுத்துப் போட இந்த அக்காவைக் கூப்பிட்டாங்க. அவங்க மறுக்கல. “படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேண்ணே”ன்னு மட்டும் சொன்னாங்க. அவ்வளவுதான், அண்ணன் பேச்சை நிறுத்திட்டார். ரெண்டு கோடை போச்சு. பசங்க, “மாமா வீட்டுக்கு எப்பம்மா போறோம்?”னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பேசாம கையெழுத்துப் போட்டுட்டா வாசல் திறந்திருக்கும்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் புத்தி சொன்னாங்க.

மூணாவது வருஷம் வைகாசியில அந்த அக்கா யாருக்கும் போன் போடல. ஒரு பை வெங்காயம், ஒரு டப்பா வடகம், ரெண்டு பசங்க, பஸ் ஏறிட்டாங்க. திண்ணையில இருந்த அண்ணன் பார்த்தார், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கொல்லைக்குப் போயிட்டார். அண்ணி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. அப்புறம் ஒண்ணும் பேசாம முருங்கைக்கீரையை முறத்துல போட்டு நடுவுல வச்சாங்க. ரெண்டு பேரும் ஆய்ஞ்சாங்க. ஆய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள பேச்சு வந்துடுச்சு. சாயங்காலம் அண்ணன் வந்தார். தங்கச்சிகிட்ட பேசல. ஆனா கையில ஒரு குலை நுங்கு. பசங்க முன்னாடி வச்சு, அரிவாளால சீவி, ஒவ்வொண்ணா நோண்டிக் கொடுத்தார். அந்த அக்கா இன்னும் கையெழுத்துப் போடல. பெரியவங்களை வச்சுப் பேச்சு நடக்குது. வருஷா வருஷம் போயிட்டும் வர்றாங்க.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, உறவு வேணும்னா உரிமையை விடணும்னு நம்மகிட்ட சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டாங்க. சட்டம் அப்படிச் சொல்லல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பவே பூர்வீகச் சொத்துல பங்கு கொடுத்தாங்க. 2005 செப்டம்பர் 9-ல இருந்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாடு முழுக்க, கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்கும் சம உரிமை. அந்தத் தேதியில அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கட்டாயமில்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பாகம் பிரிச்சுப் பதிவு பண்ணியிருந்தா அது வேற. அப்பா தானே சம்பாதிச்சு உயில் எழுதியிருந்தாலும் வேற. சந்தேகம் இருந்தா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில கேளுங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. விட்டுக் கொடுக்கிறதா இருந்தாலும் தெரிஞ்சு, மனசார விட்டுக் கொடுங்க. வாசல் மூடிடுமோன்னு பயந்து கையெழுத்துப் போடாதீங்க. அண்ணிகளா இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நாமும் யாருக்கோ நாத்தனார்தான். அந்தத் தண்ணிச் சொம்பை எடுத்து நீட்டுற கை நம்ம கையா இருக்கட்டும்.

பொறந்த வீடே இல்லாதவங்களும் இங்க இருக்காங்க. அம்மா அப்பா இல்லை, கூடப் பொறந்தவங்களும் இல்லை. அவங்களுக்கு இந்தக் குழுதான் பொறந்த வீடு. வாரக் கூட்டத்துல ஒரே தட்டுல அவிச்ச கடலை எடுத்துச் சாப்பிடுறோம். பயிற்சிக்குப் போனா ஒருத்தர் டப்பாவுல இன்னொருத்தர் கை வைக்கிறோம். அதே ஆளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடணும்னா சில வீடுகள்ல எந்தத் தெருன்னு பார்க்கிறாங்க. பாங்க்ல கடன் வாங்கும்போது ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்புன்னு எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுறோம். கையெழுத்துக்கு இல்லாத தெரு, சோத்துக்கு எங்கிருந்து வந்துச்சு? இந்தக் கோடையில ஒவ்வொரு குழுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு உறுப்பினர் வீட்டு அடுப்புல, எல்லாரும் சேர்ந்து சமைச்சுச் சாப்பிடணும்னு நான் கேட்டுக்கிறேன். அரிசி ஒருத்தர், பருப்பு ஒருத்தர், காய் ஒருத்தர் கொண்டு போகலாம். எல்லாத் தெருவுக்கும் முறை வரணும்.

பசங்களைக் கூட்டிட்டுப் போக நம்ம ரெண்டு மாவட்டத்துலயே எவ்வளவோ இருக்கு. சாத்தனூர்ல 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த மரம் கல்லா கிடக்குது. ஒரு காலத்துல இங்க கடல் இருந்ததுக்கு அது சாட்சி. ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரம் 2004-ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. கொள்ளிடக் கரையில திருமழபாடி, வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, பறவைகளுக்குக் கரைவெட்டி ஏரி, திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். ஒரு தூக்குல புளிச்சோறு கட்டினா போதும். புளிச்சோறு வெயில் தாங்கும். தேங்காய் போட்ட சாப்பாடு மதியத்துக்குள்ள ஊசிடும். சூடா மூடிக் கட்டாதீங்க, ஆற வச்சுக் கட்டுங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வெளியூர்ப் பசங்களுக்கு நம்ம ஊர்க் கிணத்தோட ஆழம் தெரியாது. சுண்ணாம்புக்கல் வெட்டின பள்ளத்துல தேங்கின தண்ணி பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும், கரை செங்குத்தா இறங்கும். ஆத்துல மணல் எடுத்த குழி மேல இருந்து தெரியாது. விருந்துக்கு வந்த புள்ளையைப் பெரியவங்க துணை இல்லாம தண்ணிக்கு அனுப்பாதீங்க.

செலவுக்கு என்ன செய்யிறதுன்னா, மாசம் 50 ரூபாய் தனியா ஒரு டப்பாவுல போடுங்க. ஆனியில ஆரம்பிச்சா சித்திரை வர்றதுக்குள்ள 500 ரூபாய் இருக்கும். பஸ்ஸுக்கும் பசங்களுக்கு ஒரு ஐஸுக்கும் அது காணும். உள்கடனைத் தொழிலுக்கும் படிப்புக்கும் வச்சுக்கலாம்.

ஆனி பிறக்கிறதுக்கு இன்னும் நாள் இருக்கு. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள, ரொம்ப நாளா போகாத ஒரு வீட்டை நினைச்சுக்குங்க. கோபத்துல போகாத வீடா இருந்தா இன்னும் நல்லது. வெங்காயமோ முந்திரியோ கையில இருக்கிறதை எடுத்துக்கிட்டு, ஒரு எட்டு போயிட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல அங்க என்ன சாப்பிட்டீங்க, யார் சமைச்சாங்க, அவங்க எப்ப சாப்பிட்டாங்கன்னு வந்து சொல்லுங்க. கேட்க ஆசையா இருக்கு.