சுவரில் விழும் வெடிப்பு

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எச்சரிக்கையோடு மாற்றுக் காணியும் சேர்ந்து வரவேண்டும். இதை எத்தனை தரமும் சொல்லலாம்.

சரி, நிலம் அசைந்தால் அது சுவரிலும் தெரியும்; நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். பூச்சில் மட்டும் நூலிழையாக ஓடும் வெடிப்பு பெரிய விசயமல்ல. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பைத்தான் கவனிக்க வேண்டும். அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது.

காரணம் வீட்டுக்கு வெளியேயும் இருக்கலாம். உமா ஓயா நீர்த்திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது.

மழை நேரத்தில் முற்றத்து நிலமே பிளந்தால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், மரங்கள் சாய்ந்தால் அளந்துகொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.