உள்ளே தங்கிய வயர்



1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக ஒரு நோயாளியின் முடியுரு நாடியைப் பலூனால் விரித்தார். பத்தாண்டு கழித்து, 1987இல், அமெரிக்காவின் ஹார்ட்ஸ்லர் குழுவினர் 5,400 சிகிச்சைகளில் 12 பேருக்குக் கருவித் துண்டு உள்ளே தங்கிவிட்டதை எழுதினார்கள். ஆயிரத்தில் இரண்டு. அரிது என்று கடந்துபோகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றாமல் செய்தவர் நம் வாவியில் வலை வீசும் ஒரு முதியவர்.

வேறோரிடத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். நெஞ்சுநோ திரும்பியதால் என் கிளினிக்குக்கு வந்தார். அஞ்சியோகிராமில் ஸ்டென்டுக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு நிழல்; பலூனையும் ஸ்டென்டையும் நாடிக்குள் கொண்டுசெல்லும் வழிகாட்டி வயரின் அறுந்த நுனி. அவருடைய நோய் நிர்ணய அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விளக்கிச் சொன்னேன். "தங்கூசி அறுந்தா எத்தின முழம் போச்செண்டு நாங்க அளந்து பாப்பம் டொக்டர். நீங்க பாக்கிறல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் வைத்தியர்களும் தாதியரும் மாணவர்களுமாக இன்று கூடியிருக்கிறோம்.

வயரின் தடிப்பு 0.36 மில்லிமீற்றர். சுண்ணாம்பு படிந்த அடைப்பில் நுனி சிக்கியிருக்க, நாம் ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் முறுக்கேறி அறும். கிளை நாடியில் விட்ட வயரை ஸ்டென்ட் சுவரோடு அழுத்திப் பிடித்துவிட்டால், இழுக்கும்போது அறும். துண்டைச் சுற்றி இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். சுருள் அவிழ்ந்து பெருநாடிவரை நீண்டால் அங்கே உறைந்த கட்டி மூளைக்கும் போகலாம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் நுனியின் சில சென்றிமீற்றர்தான். திரையில் காணவில்லை என்பதற்காக உள்ளே இல்லை என்று எழுதிவிட முடியாது. வெளியே வந்த வயரை மேசையில் நீட்டி, புதிய வயரோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

அறுந்த துண்டைக் கண்ணி போட்டு எடுக்கலாம், இரண்டு மூன்று வயர்களைச் சேர்த்து முறுக்கி, அதில் சிக்கவைத்து இழுக்கலாம், ஸ்டென்டால் சுவரோடு ஒட்டிவிடலாம், சத்திரசிகிச்சைக்கு அனுப்பலாம். சிலவேளை எடுக்கப்போய் நாடி கிழியும். அப்போது விட்டுவைப்பதே சரி. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நோயாளிக்குச் சொல்லாமல் அனுப்புவதுதான் குறை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர், சுகம்தானே என்று, இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் இடையில் நிறுத்திவிடுவார்.

சொன்னதைத் தமிழில் எழுதியும் கொடுக்கவேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவர் பிறந்த மண்ணில், ஒரு நோயாளியின் கிளினிக் கொப்பியில் தமிழில் நாலு வரி எழுத நமக்குச் சொல் பஞ்சமில்லை. எந்த நாடி, எவ்வளவு நீளம், என்ன மருந்து, எவ்வளவு காலத்துக்கு: இவற்றை எழுதும் முறையை இந்தக் கருத்தரங்கு முடியுமுன் நாம் சேர்ந்து வகுக்கவேண்டும்.

உங்கள் கையில் நேர்ந்ததை மறைக்காமல் இந்த அவையில் வையுங்கள். என் கையிலும் ஒரு வயர் அறுந்திருக்கிறது. முதல் அமர்வில் அதை நானே சொல்கிறேன்.