கரண்ட் ஒயரும் பாட்டியின் தாலாட்டும்



அப்பாவின் பழைய டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு, அதற்கு ஒயர் தேடி ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்தேன். பாட்டி பாடிய தாலாட்டு கேசட்டில் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. செட்டின் பின்னால் எட்டு வடிவத் துளை; அதில் மாட்டும் ஒயர் முனையை சி7 என்பார்கள். பழைய ஒயர் குவியலில் ஒன்று அகப்பட்டது. வளைத்தேன், மேலுறை வெடிக்கவில்லை. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. அதாவது உள்ளே செம்பு பூசிய இரும்பு இல்லை. மீட்டரிலும் இரண்டு கம்பியும் சரி.

"மாட்டிப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். கை பிளக் வரை போய்விட்டது. அப்போதுதான் செட்டின் அடியில் பார்த்தேன்: 120 வோல்ட்! மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தது. ஒயர் பொருந்தும், நம்ம 230 வோல்ட் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பொசுக்கியிருக்கும். மின்னியல் படித்தவன்தான், சிரிக்காதீங்க!

ஸ்டெப்-டவுன் பெட்டி ஒன்றும் வாங்கினேன். அன்றிரவு பாட்டி பாடினாங்க. அப்பா மறுபக்கத்தையும் போடச் சொன்னார்.