படுத்தால் இளைக்கும் தசை

உங்களோடு பி.யூ.சி. படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போனவன் நான். செயலாளர் தந்திருப்பது பத்தே நிமிஷம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பலர் எழுபதை நெருங்கியாச்சு. சிலருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிகரெட், பீடி, விறகடுப்புப் புகை எல்லாம் தந்த சீதனம். நடந்தால் மூச்சு வாங்குது. உடனே வீட்டில், "நீங்க பேசாம படுங்க, தண்ணிகூட நான் எடுத்துத் தர்றேன்" என்கிறார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் படுக்கப் படுக்கத் தொடை இளைக்கிறது. இளைத்த தசை கொஞ்சம் நடந்தாலே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். அதை ஈடுகட்ட இன்னும் மூச்சு வாங்கும். மறுபடி படுக்கை!

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனில் ஏறக்குறைய கால்பங்கு போய்விட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை பறித்த அளவுக்கு முப்பது வருஷ வயசு பறிக்கவில்லை! இருபது வயசுக்காரனுக்கே அப்படி என்றால் நோயாளிக்கு?

உடற்பயிற்சி நுரையீரலைச் சரிசெய்யாது, பழுது பழுதுதான். மாறுவது தசை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பயிற்சியால் பெருகும் என்று ஹாலோஸி 1967-இல் எலிகளை ஓடவிட்டே காட்டினார். அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் நடக்கலாம் என்பதுதான் லாபம்.

வாரம் மூன்று நாளாவது, எட்டுப் பத்து வாரம். மூச்சு வாங்கணும், ஆனால் இரண்டு வார்த்தை பேச முடியணும், அதுதான் அளவு. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிடுங்கள். நடை மட்டும் சதை போடாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதையும், முட்டை, பருப்பையும் சேர்க்கணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேதியியல் கட்டட வராந்தாவில் முப்பது மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். ஆறு நிமிஷத்தில் யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்ப்போம். ஆக்ஸிமீட்டரும் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். பாயசத்துக்குப் பிறகு வந்தால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.