கணக்கேட்டில் ஏறாத கண்டுபிடிப்பு



மில்லிலே நூலை எடை போட்டுக் கூலி போடுகிறார்கள். விஞ்ஞானியின் உழைப்பை எதைக் கொண்டு அளக்கிறார்கள் தெரியுமா? அதற்கும் கணக்கு உண்டு. பத்திரிகைகளில் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரசுரித்தார் என்பது ஒரு கணக்கு. அவற்றை எத்தனை கட்டுரைகளில் மற்றவர்கள் எடுத்துக் காட்டினார்கள் என்பது இன்னொரு கணக்கு. இதை மேற்கோள் கணக்கு என்கிறார்கள். அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் இதற்கென்றே ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார். 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி இரண்டு கணக்கையும் ஒரே எண்ணாகச் சுருக்கினார். பத்துக் கட்டுரைகள் தலைக்குப் பத்து முறையாவது எடுத்துக் காட்டப்பட்டால் எண் 10. ஒரே கட்டுரை எழுதி, ஆயிரம் பேர் அதை எடுத்துக் காட்டினாலும் எண் 1 தான்! உத்தியோகம், உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாவற்றுக்கும் பல இடங்களில் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

இது நியாயமா? ஒரு வங்காள டாக்டரின் விஷயத்தைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

காலரா என்ற வாந்திபேதி யாருடைய வியாதி? நல்ல தண்ணீர் கிடைக்காத ஏழையின் வியாதி. அதன் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவில் ஆராய்ந்து 1884-ல் அறிவித்தார். ஆனால் அந்தக் கிருமி மனிதனை எப்படிக் கொல்கிறது? 75 ஆண்டுகள் வரை இதற்குத் தெளிவான விடை இல்லை.

விடை கண்டவர் சம்புநாத் டே. ஹூக்ளி ஜில்லாவில் 1915-ல் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்த்தவர். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். குடலில் நீர் நிறைந்தது. இந்த முறையை 1953-ல் வெளியிட்டார். பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரைச் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் நிறைந்தது! கிருமி வெளியே கக்கும் விஷம்தான் உடம்பின் நீரையெல்லாம் குடலுக்குள் இழுத்துக் கொட்டுகிறது என்பது நிரூபணமாயிற்று. 1959-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இதை வெளியிட்டார்.

பலன் என்ன? ஆரம்பத்தில் அந்தக் கட்டுரையை அதிகம் பேர் சீந்தவில்லை. அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த விஷத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1969-ல். டே 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் நோபல் ஸ்தாபனத்தார் காலரா பற்றிய மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற லெடர்பெர்க், டேயின் பெயரைப் பரிசுக்குச் சிபாரிசு செய்தார். பரிசு வரவில்லை. சொந்த நாட்டிலோ பெரிய விருது ஒன்றும் இல்லை. 1985-ல் அவர் காலமானார்.

மேற்கோள் அட்டவணை போட்ட அதே கார்ஃபீல்டு 1986-ல் கணக்கேட்டைப் புரட்டி, டேயின் பெருமையை எழுதினார். ஆகவே, கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தாமதமாக வந்து சேரும் சாட்சி. நாற்று நட்ட மறுவாரமே களத்தில் நெல்லை அளக்க முடியுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். எந்த வியாதியை ஆராய்வோர் அதிகமோ, அந்தக் கட்டுரைகளுக்கே மேற்கோளும் அதிகம். ஏழையின் வியாதியை ஆராய்வோர் குறைவு, மேற்கோளும் குறைவு. அந்த எண்ணைப் பார்த்துப் பணம் பிரித்தால், அந்த வியாதிக்கு ஆராய்ச்சியே நடக்காது! ஆராய்ச்சிக்குச் செலவாகும் சர்க்கார் பணம் நம்முடைய வரிப்பணம் அல்லவா?

2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் விஞ்ஞானிகளும் பதிப்பாளர்களும் கூடி ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். பத்திரிகையின் எண்ணை வைத்து ஆளை எடை போடாதே, செய்த வேலையைப் படித்துப் பார் என்பதே அதன் சாரம். நியாயமான கோரிக்கை. விஞ்ஞானியைப் பற்றிப் பேச்சு வரும்போது எத்தனை கட்டுரை என்று மட்டும் கேளாதீர்கள். என்ன கண்டார், அதனால் யார் பிழைத்தார் என்று கேளுங்கள்!