நூல் அறுந்தால் நிற்கும் தறி

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று தறிக்குழியில் இறங்குவதில்லை. ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்துவிட்டு, கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிப்டுக்குப் போகிறார்கள். கார், லாரி, டயர், கண்ணாடி, செல்போன் என்று எல்லாமே நம் மாவட்டத்தில் தயாராகின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் மோட்டார், பம்ப், கம்ப்ரஸர் மேல் இப்போதெல்லாம் கைக்கடக்கமான ஒரு சென்சாரைப் பொருத்துகிறார்கள். இயந்திரத்தின் அதிர்வு, சூடு, அது இழுக்கும் மின்சாரம் ஆகியவற்றை அளந்து, வயர் இல்லாமலே கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டு பேரிங்கில் சுழல்கிறது. பேரிங்குக்குள் எஃகுக் குண்டுகள் ஓடும் பாதையில் ஊசிமுனை அளவு பள்ளம் விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு தட்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டுகள். நம் காதுக்கு எட்டாது, தொட்டால் சூடும் தெரியாது. அதிர்வை அளக்கும் சென்சார் அதைப் பிடித்துவிடும். தட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து, பழுது வெளி வளையத்திலா, உள் வளையத்திலா, குண்டிலா என்றுகூடச் சொல்ல முடியும். மெக்கானிக் கையை வைத்துப் பார்த்து ‘சுடுதே’ என்பது கடைசிக் கட்டம். அதற்குப் பல நாள், சில நேரம் பல வாரம் முன்பே அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகளும் உண்டு. 15 கிலோவாட் வரையிலான சிறு இயந்திரங்களுக்கு, ஐ.எஸ்.ஓ. 10816 என்ற முந்தைய தரத்தின்படி அதிர்வு நொடிக்கு 0.71 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல நிலை. 1.8-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 4.5-க்கு மேல் போனால் இயந்திரம் சேதமாகலாம்.

பழுதை முன்கூட்டியே அறிவது சில ஆலைகளுக்கு இன்னும் முக்கியம். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து மிதவைக் கண்ணாடி தயாரிக்கிறது. இந்த வகை உலையில் மணலும் சோடாவும் சுமார் 1,500 டிகிரியில் உருகி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து, தகடாக வெளியே வரும். ஒரு முறை பற்றவைத்தால் பல ஆண்டுகள் இரவு பகலாக எரிய வேண்டிய உலை அது. அங்கே ‘ரிப்பேர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இயந்திரமே தன் கோளாறை உணர வேண்டும் என்ற எண்ணம் தறிக்குப் புதிதல்ல. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் ஒரு தானியங்கித் தறியை உருவாக்கி முடித்தார். பாவு இழை அறுந்தாலும் ஊடை அறுந்தாலும் அது தானே நின்றுவிடும். இத்தகைய தறிகளில் ஒவ்வொரு பாவு இழையிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். இழை விறைப்பாக இருக்கும் வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். அந்தத் தறியின் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலை கொடுத்து வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ தொடங்கியதுதான் டொயோட்டா கார் தொழில். அங்கும் அதே கொள்கைதான். கோளாறு கண்ணில் பட்டால், தொழிலாளியே வேலையை நிறுத்தலாம்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. இன்றைய சென்சார் பல இடங்களில் செய்தி அனுப்புவதோடு சரி. இரவு இரண்டு மணிக்குத் திரையில் சிவப்பு எரிகிறது. ஆபரேட்டர் பார்க்கிறார். நிறுத்தினால் டார்கெட் குறையும், கேள்வி வரும். மெயின்டனன்ஸ் ஆள் காலையில்தான் வருவார். அதுவரை ஓட்டுவோம் என்று ஓட்டினால், அந்தச் சென்சார் இருந்தும் பயனில்லை.

கைத்தறிக்குச் சென்சார் வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிறார்கள். ஒரு இழை தளர்ந்தாலும் அச்சை அடிக்கும் கைக்கு அந்தக் கணமே தெரியும். உணர்பவரும் அவரே, நிறுத்துபவரும் அவரே, அறுந்த இழையை முடிபவரும் அவரே. ஆலையில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கின்றன.

சென்சார் பொருத்தும்போது, எந்த அளவில் சிவப்பு எரிய வேண்டும் என்பதை அந்த இயந்திரத்தில் பல வருடம் நின்றவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்துப் பிரஸ் ஓடினாலே இதுவும் அதிரும் என்பது அவருக்குத்தான் தெரியும். வீணாக அடிக்கடி எரியும் விளக்கை யாரும் மதிப்பதில்லை.

சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லா இயந்திரத்துக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. எது நின்றால் ஆர்டரே நின்றுவிடுமோ, அந்த ஒன்றில் தொடங்குங்கள். தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சீமென்ஸும் சேர்ந்து நவீன உற்பத்தி முறைகளுக்காக அமைத்த டான்சாம் மையம் 2022-இலிருந்து சென்னை டைடல் பார்க்கில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்கலாம், விசாரிக்கலாம்.

ஆலை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்சார் இயந்திரத்தை மட்டும் அளக்கட்டும். தொழிலாளி எத்தனை நிமிடம் தண்ணீர் குடிக்கப் போனார் என்று பார்க்க அதைத் திருப்பாதீர்கள். சிவப்பு எரிந்தால் நிறுத்தும் உரிமை ஷிப்டில் நிற்பவருக்கு உண்டு என்று தமிழில் எழுதி, இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.